கன்சோலுக்கு வாசகர் இருந்த காலம்

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வங்கிகளில் கணினி வரட்டும் என்று சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984-லும் 1989-லும் அறிக்கை கொடுத்திருந்தன. அதைத் தொடர்ந்து கிளைகளுக்கும் மண்டல அலுவலகங்களுக்கும் யூனிக்ஸ் மெஷின்கள் வந்து இறங்கிய காலம் அது. சென்னையில் அப்படி ஓர் அறையில்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். ஏசி குளிரில் ஒரு சர்வர், அதிலிருந்து சீரியல் கேபிளில் பிரிந்து போகும் டெர்மினல்கள், மூலையில் கன்சோல். கன்சோலின் பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இரண்டு ஓரத்திலும் துளை போட்ட தொடர்தாள் அதில் ஏறியிருக்கும். மெஷின் எதைச் சொன்னாலும் அந்தத் தாளில் விழும். தாளுக்குப் பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட நீள ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். லாக் என்று நாங்கள் சொன்னது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

ரெஜிஸ்டரில் ஐந்து கட்டங்கள்: தேதி, நேரம், மெஷின் சொன்னது, நாம் செய்தது, கையெழுத்து. இரவு ஷிஃப்டில் டே-எண்டு, அதாவது நாள்முடிவுக் கணக்கு, ஓட்டுகிற ஆபரேட்டரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிக்காரர். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் பிரிண்டர் துப்பிய தாளை வரிவரியாக விரலை வைத்துப் படிப்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மூன்றாவது கட்டத்தில் "டிஸ்க் பிராப்ளம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை நான் இன்றுவரை என்னோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தம்பி, டிஸ்க்குன்னு மெஷின் சொல்லிச்சா, நீங்க சொல்லுதீங்களா? அது சொன்னத அப்படியே எழுதுங்க. உங்களுக்குத் தோணுதத அடுத்த கட்டத்துல எழுதுங்க. ரெண்டையும் கலந்துட்டா காலைல வாறவன் எதை நம்புவான்?"

அந்தக் காலத்து டெர்மினலில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மேலே ஓடிப்போன வரி போனதுதான். திரும்பப் பார்க்க வழியில்லை. எர்ரர் ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த கன்ட்ரோல்-எஸ் அடிப்போம். படித்து முடித்ததும் கன்ட்ரோல்-கியூ அடித்தால் மறுபடி ஓடும். ஒரு நாள் இரவு யாரோ கன்ட்ரோல்-எஸ் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரை நின்றது. திரைக்குப் பின்னால் இருந்த சின்ன பஃபர் நிரம்பியது. அது நிரம்பியதும், வட்டி கணக்குப் போட்டுக்கொண்டிருந்த புரோகிராமும் அடுத்த வரியை எழுத இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. கணக்கில் தப்பில்லை, மெஷினிலும் கோளாறில்லை. சொல்வதை வாங்கிக்கொள்ள எதிரே யாரும் இல்லை என்பதால் நின்றிருந்தது. அண்ணாச்சி வந்து கன்ட்ரோல்-கியூ அடித்ததும், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது.

அந்த இரவை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கன்சோலில் எழுதுவது என்றால் ஒருவருக்குச் சொல்வது என்ற எண்ணம் யூனிக்ஸின் அஸ்திவாரத்திலேயே இருந்தது.

அதற்குச் சாட்சியாக ஒரு பழைய சம்பவம் உண்டு. எழுபதுகளில் பெல் லேப்ஸில் நடந்தது. அங்கே இருந்த ஸ்டீவ் ஜான்சன் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். அப்போது புரோகிராமுக்கு வெளியே பேச ஒரே வழிதான், ஸ்டாண்டர்டு அவுட்புட். அதை ஃபைலுக்கோ மெஷினுக்கோ திருப்பிவிட்டால் எர்ரரும் சேர்ந்தே போய்விடும். புதிதாக ஒரு போட்டோ டைப்செட்டர் வந்திருந்தது. நீளமான போட்டோ தாளை, நாற்றமடிக்கும் டெவலப்பர் மெஷினில் கவனமாகச் செலுத்திப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மதியம் பலருக்கும் ஒரே அனுபவம். காத்திருந்து எடுத்த தாளில் அழகான அச்செழுத்தில் ஒரே ஒரு வரி: ஃபைலைத் திறக்க முடியவில்லை. முணுமுணுப்பு உரியவர்கள் காதில் விழுந்தது. ஓரிரு நாளில் ஸ்டாண்டர்டு எர்ரர் என்ற தனி வழி பிறந்தது. முடிவு 1-ஆம் எண் வழியில் போகட்டும், முறையீடு 2-ஆம் எண் வழியில் வரட்டும். அண்ணாச்சி இரண்டு கட்டமாகப் பிரித்து எழுதச் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான்.

பிரிண்டரிலிருந்து ஃபைலுக்கு மாறியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. தாளின் செலவையும் இடத்தையும் பார்த்து, கன்சோலில் வருவதை ஃபைலில் பிடித்து வைப்போம் என்று முடிவானது. 2>&1 என்ற மந்திரம் எல்லா ஸ்கிரிப்டிலும் ஏறியது. அதை எங்கே எழுதுகிறோம் என்பது முக்கியம். ஃபைலுக்குத் திருப்பிவிட்டு, அதன்பிறகு 2>&1 போட்டால் இரண்டு வழியும் ஃபைலுக்குப் போகும். வரிசையை மாற்றிப் போட்டால் எர்ரர் மட்டும் பழைய இடத்துக்கே, அதாவது யாரும் பார்க்காத இரவு நேரத்துத் திரைக்கே போய்விடும். பிறகு அவசரக்காரர்கள் 2-ஆம் வழியை நேராக டெவ்-நல் என்ற குழியில் திருப்பிவிடப் பழகினார்கள். ஸ்கிரிப்ட் தொந்தரவு செய்யாமல் ஓடும், உண்மைதான். ஆனால் அது கத்தினாலும் இனி யாருக்கும் கேட்காது.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. இன்றைய பிள்ளைகளும் இதில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சி மொழிப் புரோகிராம் எதிரே டெர்மினல் இருப்பதைப் பார்த்தால் ஒவ்வொரு வரியையும் உடனே எழுதிவிடும். எதிரே ஃபைல் இருந்தால், அவசரம் என்ன என்று சேர்த்து வைத்துக்கொள்ளும். லினக்ஸில் வழக்கமாக 4,096 பைட் சேர்ந்த பிறகுதான் ஒரேயடியாக ஃபைலில் தள்ளும். வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் புரோகிராம் நடுவில் செத்து விழுந்தால், கையில் சேர்த்து வைத்திருந்தது அதோடு போய்விடும். ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் ஒரு வரி எழுதும் புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு நாற்பது எழுத்து என்றால் கடைசி நூறு வரி காணாமல் போகலாம். ஃபைலில் கடைசியாகத் தெரியும் கணக்கு எண்ணைப் பார்த்து, இதற்கடுத்ததில்தான் கோளாறு என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. உண்மையில் புரோகிராம் அதைத் தாண்டி நூறு கணக்கு வரை முடித்திருக்கலாம்.

அண்ணாச்சியின் பிரிண்டரில் இந்தப் பிரச்சினை வந்ததில்லை. சாவதற்கு முந்தின வரிவரை தாளில் இருக்கும். ஸ்டாண்டர்டு எர்ரரில் பஃபர் கிடையாது; வரி உடனே போகும். அதை அங்கே அப்படி வைத்ததற்குக் காரணமே இதுதான். அப்படியிருந்தும் எல்லாவற்றையும் 1-ஆம் வழியிலேயே எழுதிவிட்டு, பைத்தானில் பஃபரை அணைக்கும் ஒற்றை செட்டிங் தெரியாமல், "கன்டெய்னர் எதுவுமே சொல்லாம செத்துடுச்சு சார்" என்று வருகிற நல்ல எஞ்சினியர்களை இப்போதும் பார்க்கிறேன். அது சொல்லித்தான் இருக்கிறது. சொன்னது வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பிறகு லாக் எழுதுவதற்கென்றே கருவிகள் வளர்ந்தன. எரிக் ஆல்மன் 1980-களில் பெர்க்லியில் சென்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காக உருவாக்கிய சிஸ்லாக் யூனிக்ஸ் முழுக்கப் பரவியிருந்தது. 0 முதல் 7 வரை எட்டு நிலை. 0 என்றால் சிஸ்டமே படுத்துவிட்டது, 7 என்றால் வெறும் டீபக். ஜாவாக்காரர்களுக்கு லாக்4ஜே வந்தது. நேரம், நிலை, எந்த மாடியூல் என்று எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும். ரெஜிஸ்டரின் கட்டங்கள் சாஃப்ட்வேருக்குள் வந்துவிட்டன என்று நான் மனதார மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் "நாம் செய்தது", "கையெழுத்து" என்ற கடைசி இரண்டு கட்டங்களும் இந்தக் கருவிகளில் இல்லை. யாராவது படித்தார்களா, படித்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதற்கு எந்தக் கருவியிலும் இடம் வைக்கவில்லை.

ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமை ஓட்டி, அதன் கன்சோல் பேச்சைப் பிடித்து வைப்பது அடுத்த காலகட்டம். வாடிக்கையாளர்களுக்கு ஸ்டேட்மென்ட் தயாரிக்கும் ஒரு வேலையில் நாங்கள் இதை எதிர்கொண்டோம். எங்கள் புரோகிராம், பிடிஎஃப் ஆக்கும் வேறொரு கருவியைக் கூப்பிடும். அது 1-ஆம் வழியில் தருவதை முழுக்க வாங்கிக்கொண்டு, பிறகு 2-ஆம் வழியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். சின்ன ஸ்டேட்மென்ட்கள் நொடியில் முடிந்தன. பெரியவற்றில் சில மட்டும் விடிய விடிய நின்றன. எர்ரர் இல்லை. சிபியு சும்மா இருக்கிறது. மெமரி போதுமான அளவு இருக்கிறது. எதுவும் நடக்கவில்லை, எதுவும் முடியவுமில்லை.

நின்றவற்றை அருகருகே வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் விவரக் குறிப்புகளும் தமிழில் இருந்தன. அந்தக் கருவியின் ஃபான்டில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் "இந்த உரு கிடைக்கவில்லை" என்று ஒரு எச்சரிக்கையை 2-ஆம் வழியில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. லினக்ஸில் இரண்டு புரோகிராம்களுக்கு இடையே உள்ள பைப் 64 கேபி கொள்ளும், அதாவது 65,536 பைட். எச்சரிக்கைகளால் அது நிரம்பிவிட்டது. நாங்கள் 1-ஆம் வழி முடியட்டும் என்று காத்திருந்தோம். அது 2-ஆம் வழியில் இடம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தது. புரோகிராம் சிஸ்டத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தபோது அந்தக் கருவி ஒரே ஒரு எழுதும் அழைப்பில், 2-ஆம் எண்ணில் உறைந்து நின்றது தெரிந்தது.

கன்ட்ரோல்-எஸ் அடித்துவிட்டு டீ குடிக்கப் போன அதே இரவுதான். இருபது வருடம் கழித்து, திரையில்லாமல், ஆளில்லாமல் நடந்தது. இரண்டு வழியையும் ஒரே சமயத்தில் தனித்தனித் திரெட்டில் வாசிக்க வைத்ததும் சரியானது. தமிழ் ஃபான்டையும் சேர்த்தோம். அந்த எச்சரிக்கைகளை முதல் நாளே ஒருவர் படித்திருந்தால், வாடிக்கையாளர்களின் பெயர் கட்டங்கட்டமாக அச்சாகிப் போனதையாவது அன்றே நிறுத்தியிருக்கலாம். பைப் நின்றதில் எனக்கு வருத்தமில்லை. சின்ன ஸ்டேட்மென்ட்களில் அதே எச்சரிக்கை அதற்கு முன் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது என்பதுதான் மனதை உறுத்தியது.

இப்போது காலம் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. ஹெரோக்கு நிறுவனத்தினர் 2011 வாக்கில் எழுதிய பன்னிரண்டு அம்சக் கோட்பாட்டில் ஒன்று: அப்ளிகேஷன் லாக் ஃபைலைத் தானே நிர்வகிக்க வேண்டாம், ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எழுதினால் போதும், பிடிப்பது சூழலின் வேலை. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் வந்ததும் அதுவே நடைமுறையாகிவிட்டது. கன்சோல் என்ற பொருளே இல்லாத மெஷினில் எல்லோரும் கன்சோலுக்கு எழுதுகிறோம். யோசனை நல்லது, நானும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் டாக்கர் சும்மா விட்டால் அந்தப் பேச்சை அளவுக் கட்டுப்பாடே இல்லாத ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டே போகும். நாமாக உச்சவரம்பு வைக்காவிட்டால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பி, பேச்சைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே பேசுகிறவனைக் கொன்றுவிடும். பண்டிகை நாள் விற்பனை மாதிரி லோடு ஏறும் இரவில்தான் இது நடக்கும்.

சேர்ப்பது சுலபமாகிவிட்டதால் சேர்க்கக் கூடாததும் சேர்ந்தது. 2018 மே 3 அன்று ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. பாஸ்வேர்டைக் குழப்பிச் சேமிக்கும் ஏற்பாடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்து முடிக்குமுன்பே பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக ஓர் உள் லாகில் பதிவாகிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் தன் உள் சேமிப்பில் படிக்கும்படி கிடந்ததை ஒப்புக்கொண்டது. 2021 டிசம்பரில் லாக்4ஜேயில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுக்க எஞ்சினியர்கள் தூங்கவில்லை. லாக்4ஜே தனக்கு எழுதக் கொடுத்த வரியை எழுதுவதோடு நிற்காமல், அதற்குள் இருந்த ஒரு வடிவத்தைக் கட்டளையாக எடுத்து, வெளியே ஒரு சர்வரிடம் போய் விவரம் கேட்டது. அந்த வழியாக அடுத்தவன் எழுதிய புரோகிராம் கோடு உள்ளே வந்து ஓடியது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே போதுமாக இருந்தது. பாதிப்பின் தீவிரத்துக்கு 10-க்கு 10 மதிப்பெண் கொடுத்தார்கள். மெஷின் சொன்னதை அப்படியே எழுது, உன் புத்தியைக் கலக்காதே என்ற அண்ணாச்சியின் விதியை ஒரு நூலகமே மீறினால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தேன்.

நம் நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை வெளியிட்டது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அவசியமான ஆணை, வரவேற்றேன். வைத்திருப்பதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. படிப்பதற்கு எந்த ஆணையும் போட முடியாது.

படிக்காததன் விலை என்ன என்பதற்கு எங்கள் தொழிலில் ஓர் ஆவணம் இருக்கிறது. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1. புது சாஃப்ட்வேரை எட்டு சர்வரில் ஏற்ற வேண்டிய இடத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஒன்றில் பல வருடம் முன்பே கைவிடப்பட்ட பழைய கோடு உயிர்பெற்றது. காலை எட்டு மணி சுமாருக்கே அவர்களுடைய சிஸ்டம் அந்தப் பழைய கோடின் பெயரைச் சொல்லி எர்ரர் மெயில்கள் அனுப்ப ஆரம்பித்தது. 9.30 மணிக்குச் சந்தை திறப்பதற்குள் 97 மெயில். அவை அவசர எச்சரிக்கை என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை அல்ல. வந்தபோது யாரும் பெரிதாகப் பார்க்கவுமில்லை. சந்தை திறந்த பின் சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். மெஷின் ஒன்றரை மணி நேரம் முன்பே சொல்லிவிட்டது. அந்த அறையில் தாளில் விரல் வைத்துப் படிக்க ஓர் ஆள் இல்லை.

என் குழுவில் இரவு சப்போர்ட் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் என்னிடம் வந்தாள். "சார், தேடினா அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் லட்சக்கணக்குல வரி வருது. எல்லாமே எர்ரர்னு போட்டிருக்கு. எது நிஜமா எர்ரர்னு எப்படிச் சார் கண்டுபிடிக்கிறது?"

அவள் காட்டிய திரையில் திரும்பத் திரும்ப ஒரே வரி. "எர்ரர் அக்கர்டு." எந்த ஃபைல், எந்தக் கிளை, எதைச் செய்யப்போனது, ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன காரணம் சொன்னது, ஒன்றுமில்லை. அதை எழுதிய இடத்தைத் தேடினோம். காரணம் கையில் இருக்கும்போதே அதைப் பிடித்து, கீழே போட்டுவிட்டு, இந்த இரண்டு சொல்லை எழுதியிருந்தது கோடு. அவளோடு உட்கார்ந்து அதை மாற்றினோம். இப்போது அந்த இடத்தில் வரும் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "02:14:07, வட்டிக் கணக்கு, கிளை 118, ஃபைலைத் திறக்க முடியவில்லை, சிஸ்டம் சொன்ன காரணம்: பெர்மிஷன் இல்லை, இந்தக் கிளையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்." நீளமான வரிதான். ஆனால் அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவள் யாரையும் எழுப்பாமல் பெர்மிஷனைச் சரிசெய்துவிட்டுக் கிளை 118-ஐ மட்டும் மறுபடி ஓட்டலாம். மெஷின் சொன்னதும் நாம் சொல்வதும் அதில் தனித்தனியாக இருக்கின்றன.

பல அலுவலகங்களில் டாஷ்போர்டு வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்குகூட இந்த வரிகளைத் திருத்தி எழுதும் நேரத்துக்கு ஒதுக்குவதில்லை. அது எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. கருவி எதுவாகவும் இருக்கட்டும். அதற்குள் போகும் வரியை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காக எழுதியிருக்க வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் புரோகிராம் நேற்று இரவு எழுதிய கடைசி நூறு வரியைத் திறந்து, முதலிலிருந்து முடிவுவரை படியுங்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்து வேலை பார்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாத வரிகளை அன்றே மாற்றிவிடுங்கள்.